காமரோவுக்கு டிரக் கியர்பாக்ஸ்: 4எல்60ஈ-யை இறக்கிவிட்டு 4எல்80ஈ ஏற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2000ஆம் ஆண்டு ஷெவர்லே காமரோ இசட்28, ஆட்டோமேட்டிக். 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜின். ஆலையிலிருந்து வரும்போது 305 குதிரைத்திறன், 335 பவுண்ட்-அடி டார்க் (சுழற்று விசை). முந்தைய உரிமையாளர் கேம்ஷாஃப்டை மாற்றி, பெல்ட்டில் சுழலும் சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜர் ஒன்றையும் மாட்டியிருந்தார். டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடையில்) ஏற்றிப் பார்த்தபோது பின்சக்கரத்திலேயே 500 குதிரைத்திறனுக்கு மேல் காட்டியது. கியர்பாக்ஸ் மட்டும் காரோடு வந்த அதே 4எல்60ஈ, ஜிஎம் நிறுவனத்தின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்.

அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1982இல் வந்த டர்போ 700-ஆர்4 என்ற பெட்டியின் வாரிசு அது. 1993இல் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு சேர்ந்தது. லட்சக்கணக்கான கார்களிலும் சிறு டிரக்குகளிலும் ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட டார்க் எல்லை 360 பவுண்ட்-அடி, அதாவது 490 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் இன்ஜின் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் பெட்டி தேய்வதற்குப் பெட்டி பொறுப்பல்ல.

தேய்மானம் எங்கே முதலில் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் காரிலும் பார்த்துக்கொள்ளலாம். 4எல்60ஈ-யில் மூன்றாவது கியருக்கும் நான்காவது கியருக்கும் ஒரே கிளட்ச் பேக் (உராய்வுத் தட்டுகளின் அடுக்கு). ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்திருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நொடியில் ஆர்பிஎம் முள் கொஞ்சம் மேலே துள்ளிவிட்டுப் பிறகு இறங்கினால், அந்தப் பேக் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். என் காரில் நான் பார்த்தது இதைத்தான். இன்னொரு நோய், உள்ளே நடு கியரைப் பிடித்திருக்கும் சன் ஷெல் என்ற கிண்ணம் உடைவது. அது போனால் இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்தே காணாமல் போகும். முதல் கியரும் மூன்றாவதும் மட்டும் இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகப் போனால் பேனைத் (அடியிலுள்ள ஆயில் தட்டைத்) திறக்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

சரி, என்ன மாட்டுவது? முதலில் 4எல்60ஈ-யையே பலப்படுத்திக் கட்டுவதைப் பற்றி. கெட்டியான சன் ஷெல், கூடுதல் கிளட்ச் தட்டுகள், ஐந்து பினியன் பிளானட்டரி, அகலமான பேண்ட் எல்லாம் கிடைக்கின்றன. நல்ல கையில் கட்டினால் நிறைய தாங்கும். பின்சக்கரத்தில் 400 குதிரைத்திறனைச் சுற்றி நிற்கும், பெரும்பாலும் சாலையில் ஓடும் காருக்கு என் சிபாரிசு இதுதான். எதையும் வெட்ட வேண்டாம், கார் கனக்காது, முதல் கியரின் 3.06 விகிதம் கையில் இருக்கும். அதற்கு மேலே போனால், அந்தச் சின்ன உறைக்குள் எத்தனை தட்டைத்தான் திணிப்பது?

டர்போ 400 என்பது 1964இல் வந்த மூன்று கியர் பெட்டி. ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷாடோவிலும், 1976இல் ஃபெராரி 400 ஆட்டோமேட்டிக்கிலும் இருந்தது இதுதான். அதன் பலத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டர், வயரிங் தலைவலியும் கிடையாது. ஆனால் ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர், கிடையாது. நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். ரேஸ் ஓட்டப் போவது என்னிஸ் ஊரிலுள்ள டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸுக்கு. டாலஸிலிருந்து ஐ-45இல் சுமார் 35 மைல். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. ஓட்டிப் போய், ஓடிவிட்டு, ஓட்டி வர வேண்டும். நான் பின் அச்சில் போடவிருந்த 3.73 கிரவுன்-பினியனும் (அச்சைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) ஓவர்டிரைவ் இல்லாத பெட்டியும் சேர்ந்தால் 70 மைல் வேகத்தில் இன்ஜின் 3,400 சுற்றில் அலறிக்கொண்டே வரும். பவர்கிளைடு இரண்டே கியர், அது முழு ரேஸ் காருக்கு உரியது. ஆறு கியர் 6எல்80 அருமையான பெட்டி, முதல் கியரே 4.03. ஆனால் அதன் கண்ட்ரோலர் பேனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுக் காரின் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தனிக் கண்ட்ரோலர் வாங்க வேண்டும்.

மிஞ்சியது 4எல்80ஈ. டர்போ 400-இன் உள்ளுறுப்புகளுக்கு முன்னால் ஓர் ஓவர்டிரைவ் பகுதியைச் சேர்த்து, எலக்ட்ரானிக் கட்டுப்பாடு கொடுத்து, 1991இல் டிரக்குகளுக்காகக் கொண்டுவந்தார்கள். பென்ட்லியும் ரோல்ஸ்-ராய்ஸும் கூட அதை எடுத்துக்கொண்டன. காகிதத்தில் அதன் எல்லை 440 பவுண்ட்-அடிதான், 360-ஐவிட 80 கூட. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றும். அந்த 440, பல டன் சுமையை இழுத்துக்கொண்டு மலை ஏறும் டிரக்கை மனத்தில் வைத்துக் கொடுத்த எண் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை டன் சொச்சம் எடையுள்ள காரில், சில நொடிகள் மட்டும் முழுச் சக்தி பாயும் இடத்தில், அதே பெட்டி அதைவிட எவ்வளவோ தாங்குகிறது. சுமையைப் பிடித்து இழுக்கும் வேலையைப் பெரிய கிளட்ச் பேக்குகளும் 34 உறுப்பு கொண்ட இன்டர்மீடியட் ஸ்ப்ராக் என்ற ஒருவழிக் கிளட்ச்சும் பார்த்துக்கொள்கின்றன.

இலவசமாக எதுவும் வராது. வெறும் பெட்டி சுமார் 107 கிலோ. 4எல்60ஈ-யைவிட 40 கிலோ அதிகம். உள்ளே சுழலும் பாகங்களும் கனமானவை என்பதால் கொஞ்சம் சக்தியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். இதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பெட்டியை நான் காயலான் கடையில்தான் பிடித்தேன். சில்வராடோ 2500எச்டி, எக்ஸ்பிரஸ் 3500 வேன் போன்ற கனரக வண்டிகளில் தேடுங்கள். கிளவ் பாக்ஸ் மூடியிலோ கதவருகிலோ இருக்கும் ஆப்ஷன் ஸ்டிக்கரில் எம்டி1 என்றிருந்தால் அது 4எல்80ஈ. எம்30 என்றால் 4எல்60ஈ. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கீழே குனிந்து பேன் போல்ட்டுகளை எண்ணுங்கள்: 4எல்60ஈ-க்கு 16, 4எல்80ஈ-க்கு 17. நான்கு சக்கர இயக்க டிரக்கின் பெட்டி மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். பின்பக்க ஷாஃப்டும் உறையும் நமக்குப் பொருந்தாது. இரு சக்கர இயக்கத்திலும் இரண்டு வகை உண்டு. சில வேன்களில் பின் யோக்கை, அதாவது டிரைவ்ஷாஃப்டைப் பெட்டியோடு இணைக்கும் துண்டை, போல்ட் போட்டு நிலையாக இறுக்கியிருப்பார்கள். நமக்கு வேண்டியது உள்ளே வெளியே வழுக்கும் ஸ்லிப் யோக் வகை. அப்புறம் ஆண்டு. 1997 முதல் வந்த பெட்டிகளில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில் பின்புற கியர் செட்டுக்கு நேராகப் போகிறது. இரண்டு கூலர் ஃபிட்டிங்குகளும் முன்னால் பக்கம் பக்கமாக இருந்தால் பழையது. ஒன்று நடு உடம்புக்குத் தள்ளிப் போயிருந்தால் புதியது. நான் புதியதையே எடுத்தேன். விலை வித்தியாசம் பெரிதில்லை, லூப்ரிகேஷன் நல்லது.

வாங்கியதும் பிரித்துக் கட்டக் கொடுத்துவிட்டேன். காயலான் கடைப் பெட்டியை அப்படியே மாட்டுவதற்கு நான் எதிரி. அதன் முந்தைய வாழ்க்கை நமக்குத் தெரியாது. இறக்கி ஏற்றும் உழைப்போ பெட்டியின் விலையைவிடப் பெரிது. புதிய கிளட்ச்சுகள், சீல்கள், புஷ்கள் போட்டு, டைரக்ட் கிளட்ச்சுக்கு இரண்டு வழியிலும் ஆயில் போகும்படி டூயல் ஃபீடு வேலையையும் செய்யச் சொன்னேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பிடி இறுக்கமாக இருக்க இந்த ஒரு வேலை மிகவும் உதவும்.

கியர் விகிதக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலரும் புதிய பெட்டி மாட்டிய பின் “கார் மந்தமாகிவிட்டதே” என்று வருந்துகிறார்கள்.

4எல்60ஈ-யின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. 4எல்80ஈ-யில் 2.48, 1.48, 1.00, 0.75. என் காரில் இருந்த கிரவுன்-பினியன் 3.23. பழைய பெட்டியுடன் முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 3.06 × 3.23 = 9.88. அதே பின் அச்சை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றினால் 8.01. கிளம்பும்போதுள்ள இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 3.73 போட்டால் 9.25 வருகிறது, 4.10 போட்டால் 10.17. நான் 3.73 எடுத்தேன். ஏன் 4.10 இல்லை? நெடுஞ்சாலை. 25.7 அங்குல டயருடன் பழைய காரில் 70 மைல் வேகத்தில் சுமார் 2,070 சுற்று. 3.73உடன் அது 2,560, 4.10 என்றால் 2,800-ஐத் தாண்டும். சூப்பர்சார்ஜர் இருக்கும் இன்ஜினுக்கு முதல் கியரில் அவ்வளவு பெருக்கம் தேவையும் இல்லை, டயர் புகைவதுதான் மிச்சம்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 6,000 சுற்றில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறினால் 4எல்60ஈ-யில் இன்ஜின் சுமார் 3,200-க்கு விழும். 4எல்80ஈ-யில் சுமார் 3,580-க்குத்தான் விழும். சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜரின் அழுத்தம் சுற்றோடு சேர்ந்து ஏறுவது. அந்த 380 சுற்று கையில் இருக்கும்போது இரண்டாவது கியரின் தொடக்கத்தில் கார் தொய்ந்து போவதில்லை. என்னிஸில் ஓடும்போது நான் உடலில் உணர்ந்த முதல் மாற்றமே இதுதான்.

அடுத்து இன்ஜினும் பெட்டியும் சேரும் இடம். பெல்ஹவுசிங் (பெட்டியின் முன்னாலுள்ள மணி வடிவ உறை) பழைய ஷெவர்லே அமைப்பில் இருப்பதால் எல்எஸ்1 மேல் உட்காரும். மேலே ஒரு போல்ட் இடம் மட்டும் காலியாக இருக்கும், அதனால் பாதகமில்லை. கவனம் வேண்டியது, கிராங்கையும் டார்க் கன்வெர்ட்டரையும் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) இணைக்கும் தட்டான ஃப்ளெக்ஸ்பிளேட்டில். எல்எஸ்1-இன் கிராங்க் முனை பழைய ஸ்மால் பிளாக்கைவிட 0.400 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டர் சொச்சம் உள்ளே நிற்கும். 4எல்80ஈ கன்வெர்ட்டருக்கு அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஸ்பேசர், தட்டையான ஃப்ளெக்ஸ்பிளேட், நீளமான போல்ட்டுகள் மூன்றும் வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் போனால் கன்வெர்ட்டரின் முன்மூக்கு கிராங்கில் சரியாக மையம் பிடிக்காது, பெட்டியின் ஆயில் பம்ப் பாழாகும். கிராங்க் போல்ட்டுகளை 15, 37, 74 பவுண்ட்-அடி என்று மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் தள்ளுமுன் அதில் ஒரு லிட்டர் ஆயிலாவது ஊற்றுங்கள். பிறகு சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று இடத்தில் ‘டொக்’கென்று இறங்கும். மூன்றும் இறங்கியதா என்பதை நிச்சயப்படுத்தாமல் பெட்டியைத் தூக்காதீர்கள். பெல்ஹவுசிங்கின் முகம் பிளாக்கோடு கையாலேயே ஒட்ட வேண்டும். போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்த்தால், நடுவில் நசுங்குவது பம்ப். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் தன்னிச்சையாகச் சுழல வேண்டும். அதை ஃப்ளெக்ஸ்பிளேட்டைத் தொடுமளவு முன்னால் இழுக்கும்போது 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை நகர வேண்டும். நகரவே இல்லை என்றாலும் தவறு, அதிகம் நகர்ந்தாலும் தவறு. கூடுதலாக இருந்தால் போல்ட் இடங்களில் ஒரே தடிமனுள்ள வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். இந்த ஓர் அளவுக்காக எவ்வளவு நேரம் செலவானாலும் பரவாயில்லை.

இதுவரை சொன்னது எல்எஸ் இன்ஜின் உள்ள எந்தக் காருக்கும் பொருந்தும். என்னுடையது போன்ற நான்காம் தலைமுறைக் காமரோவுக்கும் அதன் இரட்டையான ஃபயர்பேர்டுக்கும் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: டார்க் ஆர்ம். பின் அச்சு சுழன்று எழாமல் பிடித்துக்கொள்ளும் நீண்ட இரும்புக் கை அது. ஒரு முனை டிஃபரென்ஷியலில், மறுமுனை கியர்பாக்ஸின் வால் உறையில். ஆமாம், ஆலை அமைப்பில் காரின் பின் சஸ்பென்ஷனே கியர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. 4எல்80ஈ-யின் வாலில் அதற்கு இடமே கிடையாது. எனவே டார்க் ஆர்மைத் தாங்கும் பிடியோடு கூடிய தனிக் கிராஸ்மெம்பர் வாங்கியாக வேண்டும். கியர்பாக்ஸ் மவுண்ட்டின் இடமும் மாறுவதால் எப்படியும் கிராஸ்மெம்பர் மாறும்; இரண்டையும் ஒன்றாகச் செய்யும் வகையை எடுங்கள். கை நேராகச் சட்டத்தோடு கட்டப்படும்போது கியர்பாக்ஸ் வால் மீது விழும் முறுக்கு நின்றுபோகிறது. கிளம்பும்போது பின்பக்கம் உட்காரும் விதமும் நிதானப்பட்டது. பெட்டி மாற்றாதவர்களுக்குக்கூட இந்த ஒரு மாற்றத்தை நான் சொல்வேன்.

பழைய பெட்டியை இறக்குவதில் கஷ்டம் பெல்ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள். எக்ஸாஸ்ட் குழாய், டிரைவ்ஷாஃப்ட், டார்க் ஆர்ம், கிராஸ்மெம்பர் எல்லாம் கழற்றிய பின், ஜாக்கில் பெட்டியின் வாலைத் தாழ்த்தினால் இன்ஜின் பின்னோக்கிச் சாயும். நீளமான எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்துப் பின்னாலிருந்து எட்டலாம். புதிய பெட்டி ஏறும் முன் டன்னலில் (காரின் தரையில் பெட்டி உட்காரும் குடைவில்) சில இடங்களைச் சுத்தியலால் தட்டி உள்வாங்க வேண்டியிருந்தது. ஷிஃப்ட் லீவர் பக்கமும் கூலர் ஃபிட்டிங் பக்கமும் கண்டிப்பாகப் பாருங்கள். 107 கிலோவை நெஞ்சில் தாங்கி மேலே தள்ளும் வேலை வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஜாக், சங்கிலி, கூட ஒரு ஆள்.

டிரைவ்ஷாஃப்டை முன்கூட்டியே ஆர்டர் செய்யாதீர்கள். யோக்கின் ஸ்ப்ளைன் 27இலிருந்து 32 ஆகிறது, நீளமும் மாறுகிறது. பெட்டி ஏறி, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது அளந்து, யோக் முழுதாக உள்ளே போவதற்கு முக்கால் முதல் ஓர் அங்குலம் இடம் விட்டுச் சொல்லுங்கள். ஸ்லிக் டயரில் ஓடுபவர்கள் டிரைவ்ஷாஃப்ட் உடைந்தால் கீழே விழாமல் பிடிக்கும் லூப்பையும் அப்போதே மாட்டிவிடலாம்.

கூலர் விஷயத்தில் என் கருத்து கறாரானது. பழைய பெட்டியில் கிளட்ச் தேய்ந்த துகள் எல்லாம் பழைய கூலரில்தான் தங்கியிருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிய பெட்டிக்குப் புதிய கூலர், புதிய குழாய்கள். ரேடியேட்டருக்கு முன்னால் அடுக்குத் தட்டு வகை, சொந்த ஃபேனோடு. என் கன்வெர்ட்டர் 3,000 சுற்று ஸ்டால், அதாவது கார் நகராமல் நிற்க இன்ஜின் அந்தச் சுற்று வரை ஏறும். லாக் ஆகாமல் (வழுக்கல் இல்லாதபடி பூட்டிக்கொள்ளாமல்) ஊரும்போது சூடு வேகமாக ஏறும். டெக்சாஸ் ஆகஸ்ட் மாதப் போக்குவரத்து நெரிசலில் அதைக் கண்ணால் பார்க்க ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வேண்டும். 80, 90 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் நிம்மதி. ஆயில் டெக்ஸ்ரான் 6.

வயரிங் பலரைப் பயமுறுத்துகிறது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. வேகத்தை உணர 4எல்80ஈ-க்கு இரண்டு சென்சார் உண்டு, இன்புட் ஒன்று, அவுட்புட் ஒன்று. பழைய ஹார்னஸில் (வயர் கட்டில்) இன்புட் சென்சாருக்கு வயர் கிடையாது, அதைக் கம்ப்யூட்டர் வரை இழுக்க வேண்டும். பெட்டியின் கனெக்டரில் பின்களின் இடமும் மாறும். இதற்கென்றே தயாராக விற்கும் மாற்று ஹார்னஸ் ஒன்றை வாங்கிவிட்டேன். அந்தக் காசுக்கு வருத்தமே இல்லை. அதே காலத்து ஜிஎம் டிரக்குகள் இந்தக் குடும்பத்துக் கம்ப்யூட்டரையே வைத்திருந்ததால், எச்பி டியூனர்ஸ் போன்ற மென்பொருள் வழியாக 4எல்80ஈ-க்குரிய நிரல் பகுதியை அதில் ஏற்ற முடிகிறது. ஏற்றிய பின் டயர் அளவு, பின் அச்சு விகிதம், ஷிஃப்ட் நேரங்கள், லைன் பிரஷர் (பெட்டிக்குள் ஆயில் அழுத்தம்) எல்லாவற்றையும் நம் காருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். முழு மிதியில் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வைத்தேன். ஒற்றைத் தட்டு லாக்-அப் கிளட்ச்சுக்கு அது நல்லதல்ல. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகிறதா, ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்பதையும் சாலையில் இறங்கும் முன் பாருங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெட்டியை வாங்கிக் கட்டியதற்கு ஆனதைவிட, கன்வெர்ட்டர், கிராஸ்மெம்பர், டிரைவ்ஷாஃப்ட், கூலர், ஹார்னஸ், பின் அச்சு எல்லாம் சேர்ந்து அதிகம் ஆயிற்று. பின் அச்சை ஏன் சேர்க்கிறேன் என்றால், இந்தக் கார்களில் வரும் 10 போல்ட் அச்சின் கிரவுன் 7.625 அங்குலம்தான். இதுவரை வழுக்கிய கிளட்ச் பேக், தன்னை அறியாமல் அந்த அச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வழுக்காத பெட்டி வந்ததும் முழு அடியும் அங்கேதான் விழும். 3.73 போடுவதற்காக எப்படியும் திறக்க வேண்டியிருந்ததால் 12 போல்ட் அச்சாகவே மாற்றிவிட்டேன். பணம் ஒரே நேரத்தில் இல்லையென்றால் அச்சை முதலில் செய்யுங்கள், பெட்டியைப் பிறகு.

கடைசியாக ஆயில். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெட்டி சூடாக, பார்க்கில் வைத்துத்தான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சில நூறு மைல் ஓடிய பின் பேனை ஒருமுறை இறக்கி, காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இருப்பது வழக்கம். பித்தளை மினுக்கமோ, விரலில் குத்தும் இரும்புச் சிலாம்போ இருந்தால் காரை மேற்கொண்டு ஓட்டாமல், கட்டிக் கொடுத்தவரிடம் அந்தப் பேனையே எடுத்துக்கொண்டு போங்கள்.